ஆறாவது துணி

பானெட்டைத் திறந்து இஞ்சின் பக்கத்தை எப்படிப் பத்திரமாகக் கழுவுவது என்று எழுதித் தரச் சொல்லி, நம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். அது நாலு வரியில் முடிந்துவிடும். இஞ்சின் கைபொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். தண்ணீர் படக்கூடாத இடங்களைப் பாலிதீன் பையால் கட்டுங்கள். தண்ணீரைப் பீய்ச்சாமல் பிரஷ்ஷாலும் துணியாலும் செய்யுங்கள், பெட்ரோலைத் தொடாதீர்கள். முடித்ததும் உள்ளே கொண்டுபோனதெல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணுங்கள்.

இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு குடும்பத்தை நடுரோட்டில் எரியவிடப் பார்த்தேன். அதனால் நாலு வரியோடு நிறுத்த மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கார் பட்டறையில் தலைமை மெக்கானிக். அம்பாசிடர் வண்டியின் சத்தத்தை வாசலில் கேட்டே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லுவேன். வருகிறவர்கள் முதலாளியைக்கூடக் கேட்க மாட்டார்கள், "பரமசிவம் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். பன்னிரண்டு வருஷம் அப்படிக் கேட்டுப் பழகிய காது என்னுடையது.

பேட்டையில் ஒரு நூற்பாலை மூடிய பிறகு, அங்கே இயந்திரம் துடைக்கும் வேலையில் இருந்த மாரியப்பன் எங்கள் பட்டறைக்கு வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். இஞ்சினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கார்புரேட்டர் எது, பெட்ரோல் பம்பு எது என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். ஆனால் அழுக்கு அவருக்குத் தெரியும். எந்த அழுக்கு மண்ணெண்ணெய்க்கு இளகும், எது சோப்புத் தண்ணீருக்குப் போகும், எதைச் சும்மா விட்டுவிட வேண்டும் என்று விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு பழைய கைலியை ஒரே அளவாக ஆறு துண்டு கிழித்து வைத்திருந்தார். நீலக் கட்டம் போட்ட துணி. வேலை முடிந்ததும் ஆறையும் மேஜையில் விரித்து எண்ணிப் பார்த்த பிறகுதான் பானெட்டை மூட விடுவார்.

"பஞ்சு மில்லுல ஒரு துணி உள்ள கெடந்தாப் போதும் அண்ணாச்சி, மொத்தமும் பத்திக்கிடும்" என்று காரணம் சொன்னார்.

ஆறு மாதத்தில் பட்டறையின் நிலவரம் மாறியது. நான் இஞ்சினுக்குள் செய்கிற வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. அவர் வெளியே செய்கிற வேலை பானெட்டைத் திறந்ததும் பளிச்சென்று தெரியும். வண்டிக்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பானெட்டைத் திறந்து காட்டினார்கள். வாசல் பக்கத்தில் குழாய் இருக்கிறது என்று சொல்லி முதலாளி என் மேஜையைப் பின்னால் தள்ளி, அந்த இடத்தை மாரியப்பனுக்குக் கொடுத்தார். "ரெண்டு பேருக்கும் வசதிதானடே" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

இதில் என்ன இருக்கிறது, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று காட்ட நினைத்தேன். மாரியப்பன் வராத ஒரு நாள், ஒரு அரிசி வியாபாரியின் வண்டியை நானே கழுவினேன். குழாயின் வாயை விரலால் அடைத்து முழு வேகத்தில் பீய்ச்சினேன். கால் மணி நேரத்தில் இஞ்சின் பளபளத்தது. சாவியைத் திருப்பினால் வண்டி உறுமுகிறது, ஓடவில்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரின் மூடிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அதை முதல் நிமிஷத்திலேயே பார்த்திருக்க வேண்டிய ஆள் நான். ஆத்திரத்தில் அது தோன்றாமல் ஸ்பார்க் பிளக்கையெல்லாம் கழற்றிப் போட்டுக்கொண்டு நின்றேன். தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்த மாரியப்பன் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூடியைக் கழற்றித் துடைத்து, கம்ப்ரசர் குழாயால் பைய காற்று அடித்துக் காயவைத்தார். வண்டி ஓடியது. வியாபாரி வந்து இஞ்சினைப் பார்த்துவிட்டு, "மாரியப்பன் வேலையா? அதான பாத்தேன்" என்றார். மாரியப்பன், "இல்ல அண்ணாச்சி, இவிய செஞ்சது" என்று என்னைக் காட்டினார்.

என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட நான் அவரை மன்னித்திருப்பேன். மானத்தைக் காப்பாற்றிவிட்டாரே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பாளையங்கோட்டையில் தலைமையாசிரியையாக இருந்த ஒரு டீச்சரும் உண்டு. அவர் வீட்டில் ஒரு வெள்ளை அம்பாசிடர். கணவர் அரசாங்க அதிகாரி, அவர்தான் ஓட்டுவார். எட்டு வருஷமாக அந்த வண்டியை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. டீச்சரின் மூத்த பையன் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றுபோன வண்டியை ஓடிப்போய்ச் சரிசெய்து கொடுத்தவன் நான். அவர்கள் புது வீடு கட்டினார்கள். பால்காய்ப்புக்குப் பத்திரிகை கொடுக்க டீச்சரே பட்டறைக்கு வந்தார். முதலாளிக்கு ஒன்று. 'திரு. மாரியப்பன்' என்று கையால் பெயர் எழுதி இன்னொன்று. நான் ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். டீச்சரின் செருப்பு எனக்கு இரண்டடி தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. என்னை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இப்போது அது புரிகிறது. அப்போது வண்டிக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் வேலையில்லாமல் படுத்துக் கிடந்தேன்.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். இளைய பிள்ளைக்குத் திருச்செந்தூரில் காது குத்து வைத்திருந்தார்கள். முதல் நாளே வண்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். நான் பிரேக், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தேன். கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயின் இணைப்பில் லேசாகக் கசிவு இருந்தது. மாற்ற வேண்டிய வாஷர் கையில் இல்லை. இறுக்கிவிட்டு, "திருச்செந்தூர் போயிட்டு வந்ததும் கொண்டாங்க சார், மாத்திரலாம்" என்று டீச்சரின் கணவரிடம் சொன்னேன். அவ்வளவு கசிவு ஒரு நாள் பயணத்துக்கு ஒன்றும் செய்யாது. மறுநாள் காலையில், இஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே, மாரியப்பன் துடைக்கும் வேலையை முடித்தார்.

கடைசியாகக் காற்று வடிகட்டியை மாட்டுவது என் வேலை. குனிந்து மாட்டும்போது, கார்புரேட்டருக்குக் கீழே நீலக் கட்டத்தின் ஒரு முனை தெரிந்தது. இஞ்சினின் சூடான புகை வெளியேறுகிற இரும்புக் குழாயின் மேல் அந்தத் துணி விழுந்து கிடந்தது. அந்த வண்டியில் கார்புரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கம், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கும். எடுப்பதற்குக் கையை நீட்டினேன்.

அந்த நேரத்தில் டீச்சர் குடும்பத்தோடு வந்துவிட்டார். "பரமசிவம், கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. மாரியப்பன் எப்படிச் செஞ்சிருக்காருன்னு பிள்ளையள் பாக்கட்டும்" என்றார்.

கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றேன். பிள்ளைகள் பார்த்தார்கள். "வாங்குன அன்னைக்குக்கூட இப்படி இல்ல" என்று டீச்சரின் கணவர் சிரித்தார்.

மாரியப்பன் மேஜையில் துணிகளை விரித்து எண்ணினார். ஐந்து. மறுபடியும் எண்ணினார். வாளிக்குள் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, எந்துணி ஒண்ணக் காணல. நீங்க பாத்தீயளா?"

நான் அவரை நேராகப் பார்த்தேன். "கை தொடைக்க நான்தான் எடுத்தேன். பின்னால கெடக்கு" என்றேன்.

"சரி அண்ணாச்சி" என்று அவர் பானெட்டை மூடினார்.

நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை தாண்டுவதற்குள் துணி கருகிப் புகை வரும். வண்டியை நிறுத்துவார்கள், திரும்பி வருவார்கள். பானெட்டுக்குள் மாரியப்பன் துணி கிடந்தது என்று ஊர் முழுக்கத் தெரியும். இவ்வளவுதான் நினைத்தேன். அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்த நாலு பேர் என் கணக்கில் இல்லை.

வண்டி புறப்பட்டுப் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். வாசல் பக்கம் கை கழுவப் போனேன். குழாயடியில் மாரியப்பனின் மண்ணெண்ணெய் டப்பா திறந்து இருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியபோதுதான், அந்தத் துணி வெறும் துணி இல்லை என்று மண்டையில் உறைத்தது. மண்ணெண்ணெயில் ஊறிய துணி. அதற்கு மேலே பெட்ரோல் கசிகிற இணைப்பு. அது கசிகிறது என்று தெரிந்தவன் பட்டறையில் நான் ஒருவன்தான்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த நிமிஷத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? முதலாளியின் மேஜையில் டெலிபோன் இருந்தது. திருச்செந்தூர் போகிற வழியில் கிருஷ்ணாபுரத்தில் ரோட்டை ஒட்டி டீக்கடை வைத்திருந்தவர் எங்கள் வாடிக்கையாளர். அவர் நம்பர் சுவரில் எழுதியிருந்தது. ஒரு போன் போட்டால் அவர் ரோட்டில் இறங்கி வண்டியை மறித்திருப்பார். ஆனால் போன் போட்டால் என்ன விஷயம் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும், முதலாளி பக்கத்திலேயே இருக்கிறார். நான் போனைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். பிறகு முதலாளியின் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு, "ஒரு அவசரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். என் மானத்தை விட மனமில்லாமல் இன்னொரு தடவையும் அந்தப் பிள்ளைகளைப் பணயம் வைத்தேன்.

பாளையங்கோட்டை நெரிசலைத் தாண்டி அந்த ரோட்டில் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. கிருஷ்ணாபுரம் தாண்டி, வாழைத் தோட்டத்தை ஒட்டி வெள்ளை வண்டி நிற்பது தெரிந்தது. பானெட்டின் இடுக்கிலிருந்து கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. டீச்சரின் கணவர் ஒரு கையால் பானெட்டைத் தூக்கப் போகிறார், மறுகையில் தண்ணீர்க் குடம். பிள்ளைகள் வண்டிக்குள்ளேயே இருந்தார்கள்.

"சார், தொறக்காதீய. தண்ணி ஊத்தாதீய" என்று கத்திக்கொண்டே மோட்டார் சைக்கிளைக் கீழே போட்டேன். "டீச்சர், பிள்ளையள எறக்கிட்டு அந்தப் புளியமரத்துக்கு அங்கன போங்க. திரும்பிப் பாக்காம போங்க."

பானெட்டை முழுசாகத் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து தீ முகத்தில் அடித்திருக்கும். தண்ணீரை ஊற்றியிருந்தால் எரிகிற பெட்ரோல் அதன்மேல் மிதந்து டயர்வரை ஓடியிருக்கும். சாவியைத் திருப்பி உருவினேன். முதல் கொக்கியை மட்டும் விடுவித்து, நாலு விரல் இடுக்கு வைத்து, வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணை இரண்டு கையாலும் அள்ளி உள்ளே எறிந்தேன். டீச்சரின் கணவரும் சொல்லாமலே மண்ணை அள்ளி அள்ளித் தந்தார். பட்டு வேட்டி முழுக்கச் சேறு. எத்தனை தடவை எறிந்தோமோ தெரியாது. புகை வெளுத்து, பிறகு அடங்கியது. வெகுநேரம் பொறுத்துத்தான் பானெட்டைத் தூக்கினேன். வயரெல்லாம் உருகியிருந்தது. பானெட்டின் பெயிண்ட் உள்பக்கம் கொப்பளித்திருந்தது. என் இடது கையில் மயிர் பொசுங்கி, தோல் சிவந்திருந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

டீச்சர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "முருகன்தான் உங்கள அனுப்பியிருக்கான் பரமசிவம். எப்படித் தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

"ஒரு சந்தேகம் வந்துச்சு டீச்சர்" என்றேன்.

அவர்களைத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஒரு டிராக்டரில் கட்டி வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தேன். புகைக்குழாயில் ஒட்டியிருந்த கருகிய துணியில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கட்டம் மிச்சம் இருந்தது. முதலாளி அதைச் சுரண்டி எடுத்து மாரியப்பனிடம் நீட்டினார்.

"இது யாரு துணிடே?"

"எந்துணிதான் மொதலாளி."

"எண்ணிப் பாக்கலயா?"

மாரியப்பன் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஏதோ ஒரு வார்த்தையைச் சரியாகக் கேட்டோமா என்று யோசிக்கிறவர் மாதிரி பார்த்தார். நான் பொசுங்கிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சுதான் இருந்துச்சு மொதலாளி. ஆறாவது எங்கன இருக்குன்னு பாக்காம மூடிட்டேன்" என்றார்.

"நாளைலருந்து நீ வராண்டாம்" என்றார் முதலாளி.

மாரியப்பன் கை காலைக் கழுவிக்கொண்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனார். பட்டறையில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். முதலாளி என் கைக்கு அவரே மருந்து போட்டார். மறுநாள் என் மேஜை வாசலுக்கு வந்தது. நான் ஒரு வருஷமாக ஆசைப்பட்ட எல்லாம் ஒரே நாளில் கிடைத்தது. வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கதையைக் கேட்டார்கள். சொல்லச் சொல்ல அது எனக்கே நிஜம் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் டீச்சர் குடும்பத்தோடு வந்தார். பன்னீர் இலையில் மடித்த திருச்செந்தூர் விபூதியைக் கையில் வைத்திருந்தார். காது குத்திய பிள்ளையை என் முன்னால் நிறுத்தி, "மாமாவக் கும்பிடு" என்றார். பிள்ளை குனிந்தது. காதில் இன்னும் வீக்கம் இருந்தது.

"வேண்டாம் டீச்சர்" என்றேன். பிறகு வாய் தானாகவே பேசியது. "அந்தத் துணி உள்ள கெடந்தது எனக்குத் தெரியும். மாரியப்பன் கேட்டாரு. நான் எடுத்துட்டேன்னு பொய் சொன்னேன்."

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

டீச்சர் கேட்டார்: "பிள்ளையள் உள்ள இருந்தது தெரியும்லா?"

"தெரியும் டீச்சர்."

"எதுக்கு அப்படிச் செஞ்சீய?"

"எல்லாரும் மாரியப்பன் மாரியப்பன்னு சொன்னீய. பொறுக்க முடியல."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விபூதி இலையை மறுபடியும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு அதற்குப் பிறகும் கிடைத்ததில்லை.

முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், "நீயே போயி அவனக் கூட்டிட்டு வா. அவன் வந்தா நீயும் வேல பாரு. வரலன்னா ரெண்டு பேரும் வராண்டாம்" என்றார்.

பேட்டையில் மாரியப்பன் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி வியாபாரி வண்டி, பின்னால் போன மேஜை, பால்காய்ப்புப் பத்திரிகை, எதையும் விடவில்லை. பத்திரிகையைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பத்திரிகைக்கா அண்ணாச்சி?" என்றார். "நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்ல."

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு மொதலாளி கேக்கும்போது நீ உண்மையச் சொல்லிருக்கலாம்லா?" என்று கேட்டேன்.

"சொன்னா நம்புவாவளா? நீங்க எட்டு வருசம் அந்த வண்டியப் பாத்தவிய. அதுபோக, நான் செஞ்சதும் தப்புதான். துணி கெடக்கான்னு என் கண்ணால பாத்துருக்கணும். ஒங்க வாய நம்பி மூடிட்டேன்." அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு வாரேன். ஆனா ஒண்ணு. இனிமே வேலையில ஒங்ககிட்ட எதையும் கேக்க மாட்டேன் அண்ணாச்சி. மனசுல வச்சிக்கிடாதீய."

அவர் வந்தார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். என் பொறாமை அன்றோடு செத்துவிட்டது என்று எழுதினால் அது மூன்றாவது பொய் ஆகிவிடும். யாராவது அவரைப் புகழ்ந்தால் நெஞ்சுக்குள் அதே இடத்தில் சுருக்கென்றுதான் இருக்கும். ஒன்று மட்டும் பழகிக்கொண்டேன். அப்படிச் சுருக்கென்று குத்துகிற நாளில், "இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல, நான் முடிச்ச வேலைய இன்னொருத்தர் பாருங்க" என்று முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். அவரும் காரணம் கேட்க மாட்டார். உங்களுக்கும் அப்படி நாட்கள் வரும். பக்கத்தில் நிற்பவன் உங்களைவிடக் கெட்டிக்காரனாக இருப்பான், அவனை எல்லோரும் தேடுவார்கள். அதை வெட்கப்படாமல் வாயால் சொல்லிவிடுங்கள். நான் போனை எடுக்காமல் நின்றது மாதிரி நிற்காதீர்கள்.

மாரியப்பன் தன் பேச்சைக் காப்பாற்றினார். மதியச் சோற்றைப் பகிர்ந்துகொள்வார், என் மகள் கல்யாணத்தில் மூன்று நாள் முன்னாலேயே வந்து பந்தல் வேலை பார்த்தார். ஆனால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டேன் என்று நான் சொன்னால், "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, தன் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிரஷ்ஷை எடுப்பார். முதலில் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுட்டது. போகப் போக, அவர் தொட்டுப் பார்க்காத அன்றைக்கு எனக்கே பயம் வரும் என்று தோன்றியது. பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒருநாள்கூட என் வார்த்தையை நம்பிக் கை வைக்கவும் இல்லை.